நூற்று இருபத்தைந்து ஆம்பியரும் ஓர் ஆயுத பூஜையும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு எங்கள் வேலையிடத்துக்குப் புதிய டிக் வெல்டிங் மெஷின் வந்து இறங்கியது. விமானப் பயணத்தில் கையோடு எடுத்துப்போகும் பெட்டி அளவுதான் இருக்கும். முன்பக்கம் குமிழ்களே இல்லை, ஒரு திரை மட்டும். விற்பனை நிறுவனத்திலிருந்து வந்த பெண் திரையைத் தொட்டாள். என்ன உலோகம் என்று அது கேட்டது. அலுமினியம் என்றாள். எவ்வளவு தடிமன் என்று கேட்டது. மூன்று மில்லிமீட்டர் என்றாள். மற்ற எண்கள் எல்லாம் தாமாகவே வந்து வரிசையில் நின்றுகொண்டன.

"இனிமே நீங்க எதையும் திருக வேணாம்லா அங்கிள். செட்டிங் எல்லாம் உள்ளயே இருக்கு."

"இருபத்தாறு வருஷமா திருகிட்டு இருக்கேன்மா" என்றேன்.

"அதான் சொல்றேன். ரெஸ்ட் எடுங்க."

திரையில் வந்த மூன்று எண்களை மட்டும் பைக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: நூற்று இருபத்தைந்து ஆம்பியர், சமநிலை எழுபது, வாயு நிமிடத்துக்கு எட்டு லிட்டர். எங்கோ பார்த்த முகங்கள்போல் இருந்தன. மாலையில் ஃபேரர் பார்க்கில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் நாட்குறிப்பு அலமாரியைத் திறந்தேன். ஆண்டுவாரியாக அடுக்கியிருப்பதால் தேட அதிக நேரம் ஆகவில்லை. "நீங்க செத்தாக்கூட எத்தன மணிக்குன்னு எழுதி வச்சுட்டுத்தான் போவீங்க" என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் தவறில்லை. என்னால் முடிந்தால் செய்துவிட்டுத்தான் போவேன்.

நான் அலுமினியம் பற்றவைக்கத் தேர்வு எழுதிய நாளின் பக்கம் அது. 'எழுதிய' என்கிறேன், ஆனால் அந்தத் தேர்வைப் பேனாவால் எழுத முடியாது, நெருப்பால்தான் எழுத வேண்டும். பக்கத்தின் முதல் வரி: 125, 70, 8. திரை காட்டிய அதே எண்கள். இந்தப் புது மெஷினுக்குள் இருக்கும் அறிவு இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே என் தலைக்குள் இருந்தது என்று ஒரு கால்மணி நேரம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் இரண்டாவது வரி கண்ணில் பட்டது. 'கறுப்பு. ஊசித்துளைகள். காரணம் தெரியவில்லை.'

காரணம் அன்று நண்பகலுக்குள் தெரிந்துவிட்டது. அதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். இதுவரை சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான். அது இப்போது காய்ந்துவிட்டது.

வெல்டிங் தெரியாத நண்பர்களுக்கு முதலில் அலுமினியத்தைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன். இரும்பு நேர்மையான ஆசாமி. சூடானால் சிவப்பாகிச் சொல்லிவிட்டு உருகும். அலுமினியம் ஒன்றும் சொல்லாது. பார்க்க அப்படியே இருக்கும், திடீரென்று கீழே ஊற்றிவிடும். போதாததற்கு அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆடை உண்டு. பாலின் மேல் படியும் ஆடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஆடை உருக உள்ளே இருக்கும் உலோகத்தைப்போல மூன்று மடங்கு சூடு வேண்டும். உள்ளே எல்லாம் உருகி ஓடும்போது மேலே ஆடை மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே மின்சாரத்தை மாறி மாறிப் பாயவிடுவோம். ஒரு பாதி ஆடையை உரிக்கும், மறுபாதி உலோகத்தை உருக்கும். எந்தப் பாதிக்கு எவ்வளவு நேரம் என்று பங்கு பிரிக்கும் குமிழுக்குத்தான் சமநிலை என்று பெயர். எழுபது என்றால் உருக்குவதற்கு எழுபது பங்கு, உரிப்பதற்கு முப்பது. ஆம்பியர் என்பது சூடு. வாயு என்பது ஆர்கான். உருகிய இடத்தில் காற்றுப் படாமல் குடை பிடிப்பது அதன் வேலை.

இந்தக் குடையினால்தான் நாங்கள் மின்விசிறி போட்டுக்கொள்ள முடியாது. விசிறிக் காற்று ஆர்கானைக் கலைத்துவிடும். சிங்கப்பூர் வெயிலில், தோல் கையுறை, முகமூடி சகிதம், விசிறி இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் காலத்து என் நாட்குறிப்பில் 'வியர்வை' என்ற சொல் வராத பக்கமே இல்லை.

எங்கள் பட்டறை ஜாலான் புசாரைத் தாண்டி, காலாங் ஆற்றுப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையின் தரைத்தளத்தில் இருந்தது. முதலாளி சீனர். எல்லாரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சுமார் பத்துத் தமிழ்ச் சொற்கள் தெரியும். அவற்றை வைத்தே பத்துப் பேரை வேலை வாங்குவார். 'தம்பி', 'சீக்கிரம்', 'சாமி', 'போதும்' ஆகியவை அதில் முக்கியமானவை. அலுமினிய வேலைக்கு இரண்டு பேர் தயாராகிக்கொண்டிருந்தோம். நானும் சேகரும். ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்கு வரிசை வேண்டும், ஒழுங்கு வேண்டும், குறிப்பு வேண்டும். சேகருக்குத் தேநீர் மட்டும் போதும்.

பட்டறையின் வாசனை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அசிட்டோன். தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வைத்திருப்போம். வெள்ளிக்கிழமைகளில் அது கொஞ்சம் குறையும். ஆபீசில் தட்டச்சு செய்யும் மிஸ் ரூபி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகுமுன் பழைய நகச்சாயத்தை எடுக்க வேண்டும் என்று ஒரு சிறு புட்டியில் ஊற்றி எடுத்துப் போவார். நான் சேமிப்பறைப் பதிவேட்டில் 'ரூபி, நகம், 30 மில்லி' என்று எழுதி வைத்தேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார்.

"நகம் எண்டு எழுதி வச்சிருக்கிறீர். உமக்கு வேற வேலை இல்லையோ?"

அவருடைய தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். எங்களோடு பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுவார். கோபம் வந்தாலோ எதையாவது துருவ வேண்டும் என்று தோன்றினாலோ தமிழ் வரும். வெல்டிங்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். சீனருடைய பட்டறையில் ஆயுத பூஜையா என்று கேட்காதீர்கள். எங்களைவிட அவருக்குத்தான் அது முக்கியம். ஏதோ ஓர் ஆண்டு வேலை நெருக்கடியில் பூஜை போடாமல் விட்டார்களாம். அந்த மாதமே கடைசல் இயந்திரம் உடைந்ததாம். அன்றிலிருந்து பூஜைக்கு இரண்டு வாரம் முன்பே சிராங்கூன் சாலைக்குப் போய் எலுமிச்சம்பழமும் வாழைக்கன்றும் சொல்லிவைத்துவிட்டு வருவார். ஃபோர்க்லிஃப்ட்டின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சை வைத்து ஏற்றும்போது, பழம் நசுங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கைதட்டுவார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. அதுவாக உதிரும்வரை இருக்க வேண்டும். துடைத்தால் அதிர்ஷ்டமும் துடைபட்டுப் போகும்.

"தம்பி! பொட்டு நோ வைப், ஆ!"

பொட்டு வைக்கும் பொறுப்பு எனக்கு. கை நடுங்காது, கோடு கோணாது என்று எல்லாரும் சேர்ந்து கொடுத்த பதவி. அந்த ஆண்டு நான் மெஷினுக்கு வைத்தேன், வாயு உருளைகளுக்கு வைத்தேன், மேசைக்கு வைத்தேன், சுத்தியல்கள் ஏழுக்கும் கைப்பிடியில் ஒரே உயரத்தில் வைத்தேன்.

"என்னடா, ஸ்கேல் புடிச்சா பொட்டு வைக்கிற? சாமி வந்து அளந்து பாக்கவா போவுது?" என்றான் சேகர்.

"நீ சுண்டல் பாத்திரத்துக்குக் காவல் இரு. அது போதும்" என்றேன்.

கடைசியில் வந்தது கம்பிப் பிரஷ். அலுமினியத்தைத் தேய்க்க மட்டும் என்று சிவப்பு டேப் சுற்றித் தனியாக வைத்திருந்த துருப்பிடிக்காத கம்பிப் பிரஷ். அதை இரும்பில் போட்டுத் தேய்த்தால் நான் சண்டைக்குப் போவேன். அப்படிப்பட்ட பிரஷுக்குப் பொட்டு இல்லாமலா? மரக்கட்டையில் வைத்துப் பார்த்தேன். கையெண்ணெய் ஊறியிருந்ததால் சந்தனம் ஒட்டவில்லை. எனக்குப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. ஆகவே திருப்பிப் பிடித்து, கம்பிகளின் மேலேயே நன்றாகக் குழைத்த சந்தனத்தை அழுத்தி வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். மிக அழகாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு.

விஷயம் இதுதான். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் அலுமினியப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை எங்கள் பட்டறைக்கு வருவதாக இருந்தது. சான்றிதழ் பெற்ற வெல்டர் இருவர் இருந்தால்தான் கொடுப்பார்கள். ஒருவர் போதாது. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. இருவரில் ஒருவர் தவறினாலும் வேலை வேறு பட்டறைக்குப் போகும். தவறியவர் உணவகச் சமையலறைத் தொட்டிகளைத் தேய்த்து மெருகேற்றும் மூலைக்குத் திரும்பிப் போவார். அந்த மூலையிலிருந்துதான் நான் வந்திருந்தேன். பத்து மாதம், மதிய இடைவேளைகளில் வெட்டிப்போட்ட துண்டுகளைப் பற்றவைத்துப் பழகி, 125, 70, 8 என்ற மூன்று எண்களுக்கு வந்து சேர்ந்திருந்தேன். திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

காலை எட்டுப் பத்துக்கு முதல் பயிற்சித் தகடு. அசிட்டோன் போட்டுத் துடைத்தேன், பிரஷ் போட்டுத் தேய்த்தேன், இரண்டு தகடுகளையும் சேர்த்து வைத்தேன், காலடி மிதிக்கட்டையை அழுத்தி நெருப்பை எழுப்பினேன். முகமூடிக் கண்ணாடிக்குள் எப்போதும் கண்ணாடித் துளிபோல் பளபளக்கும் உருகல் அன்று கலங்கிக் கிடந்தது. மேலே கறுப்பாக ஏதோ மிதந்தது. முடித்துவிட்டுப் பார்த்தால் கோடு முழுவதும் புகை படிந்திருந்தது, ஊசியால் குத்தியதுபோல் துளைகள்.

அதே மெஷினில், அதே எண்களில் சேகர் உட்கார்ந்தான். நாணயங்களைச் சாய்த்து அடுக்கிவைத்ததுபோல் ஒரு கோடு வந்தது. வெள்ளி மாதிரி மின்னியது.

"மெஷினுக்கு ஒன்னப் புடிக்கலடா" என்றான்.

"மெஷினுக்குப் புடிக்கிறது புடிக்காததுன்னு ஒண்ணும் இல்ல. செட்டிங்தான்."

"அப்ப எனக்கு மட்டும் எப்படி வந்துச்சாம்? கைடா, கை."

எண்களை நம்புகிறவனிடம் 'கை' என்று சொல்வதைப்போல எரிச்சலூட்டும் பேச்சு வேறில்லை. நான் முறைப்படி காரணம் தேடத் தொடங்கினேன். கறுப்பு என்றால் ஆடை சரியாக உரியவில்லை. ஆகவே சமநிலையை எழுபதிலிருந்து அறுபதுக்கு இறக்கினேன். உரிப்பது கூடியது உண்மைதான். கோட்டின் இருபுறமும் மாவு தூவியதுபோல் வெள்ளை அகலமாக வந்தது. ஆனால் உரிக்கும் பாதியின் சூடெல்லாம், நெருப்பு கிளம்பும் டங்ஸ்டன் ஊசியின் தலையில் இறங்கும். ஊசி முனை உருகிப் பட்டாணி அளவுக்கு உருண்டையாகி, நெருப்பு ஓர் இடத்தில் நில்லாமல் அலைந்தது. கறுப்பு போகவில்லை. சரி, வாயு போதவில்லை என்று எட்டைப் பதினான்காக்கினேன். வேகமாகப் பாய்ந்தால் அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். துளைகள் கூடின. பிறகு சூடு போதவில்லை என்று நூற்று நாற்பதுக்கு ஏற்றினேன். தகடு ஓட்டையாகித் தரையில் சொட்டியது. எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறேன். மணி, எண், விளைவு. அந்தப் பக்கத்தைப்போல் ஒழுங்கான பக்கம் என் நாட்குறிப்பில் குறைவு. ஒருவன் எவ்வளவு ஒழுங்காகத் தவறான திசையில் போக முடியும் என்பதற்கு அது சான்று.

பத்து மணிக்குத் தேர்வாளர் வந்தார். என்சிக் ஹம்சா என்ற மலாய்க்காரர். என்சிக் என்றால் நாம் ஐயா என்பதுபோல. இஸ்திரி கலையாத சட்டை, பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, அதிகம் பேசாத வாய். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் ஜாதி.

சேகர் முதல் வாய்ப்பிலேயே பற்றவைத்து முடித்தான். என்சிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அடுத்து நான். சமநிலை அறுபத்தைந்து, வாயு பத்து என்று நடுவில் எங்கேயோ நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். நம்பிக்கை இல்லாத எண்கள். எழுந்தபோதே எனக்குத் தெரியும். அவர் சிவப்புப் பேனாவால் ஐந்து வட்டம் போட்டார். தவறிய தகட்டை யாரும் தேறியதாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக அங்கேயே நடுவில் அறுத்துவிட வேண்டும் என்பது விதி. ரம்பம் என் தகட்டுக்குள் இறங்கிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தவுக்கே இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தபடி நின்றார்.

"பதினைந்து நிமிடம். அடுத்ததுதான் கடைசி" என்று ஆங்கிலத்தில் சொன்னார் என்சிக்.

இரண்டாம் வாய்ப்புக்கான படிவத்தில் என் கையொப்பம் வாங்க மிஸ் ரூபி வந்தார். அறுபட்ட தகடு மேசையில் இன்னும் சூட்டோடு கிடந்தது. படிவத்தை நீட்டியவர் மூக்கைச் சுருக்கினார்.

"இதென்ன, ஆரும் ஊதுவத்தி கொளுத்தினவையோ? சந்தனம் எரிஞ்ச மாதிரி மணக்குது."

"நேத்து பூஜைலா மிஸ்" என்றான் சேகர்.

"பூசை நேற்றெல்லோ? இது இப்ப மணக்குது. இஞ்ச பாரும், இந்தத் தகட்டிலதான்."

எங்களுக்கு எந்த மணமும் தெரியவில்லை. நாள் முழுவதும் வெல்டிங் புகையில் இருப்பவர்களின் மூக்கு பெயருக்குத்தான் முகத்தில் இருக்கும். ஆபீசின் குளிர்ந்த அறையிலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது. நான் மெதுவாகத் திரும்பி மேசையில் இருந்த பிரஷைப் பார்த்தேன். காலையிலிருந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டேதான் இருந்தேன். குங்குமத்தின் மங்கல் தடத்தையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எண்ணெய் அழுக்கு, மண் அழுக்கு, கைரேகை அழுக்கு என்று தகட்டில் சேரும் எல்லா அழுக்குகளையும் நான் பட்டியலிட்டு வைத்திருந்தேன். சந்தனத்தை அழுக்கு என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

கம்பிகளைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வேர்வரை இறங்கிக் காய்ந்திருந்தது.

"சேகர், நீ தகட்ட எப்படிக் கிளீன் பண்ண? எதை முதல்ல?"

"பிரஷ் போட்டேன். அப்புறம் அசிட்டோன் துணியால ஒரு துடை. ஏன்?"

"அது தப்பு முறைடா. முதல்ல அசிட்டோன், பிசுக்கெல்லாம் போனப்புறம்தான் பிரஷ். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"தப்பு முறைதான் பாஸ் ஆயிருச்சு. சரியான முறை அந்தா அறுபட்டுக் கிடக்கு" என்று மேசையைக் காட்டினான்.

உண்மைதான். நான் புத்தகம் சொல்லும் வரிசைப்படி முதலில் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதன் மேல் பிரஷால் அழகாகச் சந்தனம் பூசியிருக்கிறேன். அவன் வரிசையைக் கெடுத்து, பூசியதைத் துடைத்து எடுத்திருக்கிறான். மெஷினில் ஒரு குற்றமும் இல்லை. என் மூன்று எண்களும் ஆரம்பம் முதல் சரியாகத்தான் இருந்தன. அவற்றை நம்பாமல் போனது நான்தான்.

வேறு பிரஷ் இல்லை. ஜாலான் புசார் வன்பொருள் கடைக்கு ஓடிவிட்டு வர நேரம் போதாது. சேகரைப்போல வரிசையைக் கெடுக்க எனக்கு வராது. இதைக் கழுவத்தான் வேண்டும். நான் பிரஷை எடுத்துக்கொண்டு குழாயை நோக்கி நடந்தேன். தவுக்கே குறுக்கே வந்து நின்றார்.

"பொட்டு நோ வைப்."

"பாஸ், இந்தப் பொட்டுதான் பிரச்சினை" என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரஷைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், என்சிக்கின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மாதமாக எதிர்பார்த்திருந்த வேலை ஒரு பக்கம், உடைந்த கடைசல் இயந்திரம் மறு பக்கம். நான் நீட்டிய கையோடு நின்றிருந்தேன். எனக்கும்தான் மனம் கூசியது என்று ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் பூஜைப் பொட்டை யாரும் தண்ணீரில் பிடித்துக் கழுவியதில்லை.

அவர் பிரஷை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"யுவர் சாமி, யுவர் ஹேண்ட் கேனாட். ஐ டூ."

உன் சாமிக்கு வைத்த பொட்டு, உன் கையால் கழுவ வேண்டாம், பாவம் வந்தால் எனக்கு வரட்டும் என்பது அதன் பொருள். சாமி படத்துக்கு முன்னால் போய் மூன்று முறை குனிந்தார். தன் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். பிறகு கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, குழாயடியில் சோப்பு போட்டு, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷால் கம்பிகளை வரிசை வரிசையாகத் தேய்த்தார். அசிட்டோனில் முக்கி எடுத்தார். சூடான காற்றுக் குழலில் உலர்த்தி என்னிடம் நீட்டினார். கைகளைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"தம்பி. சீக்கிரம்."

என்சிக் என்னை நிறுத்தினார். இரண்டு வாய்ப்புகளுக்கு நடுவில் எதையாவது மாற்றினால் என்ன, ஏன் என்று படிவத்தில் எழுத வேண்டும். நான் எழுதினேன். எழுதும் வேலை என்றால்தான் தெரியுமே, ஆறு வரி போய்விட்டது. அவர் படித்தார். சிரிக்கவில்லை.

"யார் வைத்தது?"

"நான்தான் சார்."

"அப்படியானால் அதை மட்டும் எழுதுங்கள்."

ஐந்து வரிகளை அடித்துவிட்டு ஒன்றை விட்டுவைத்தார். 'சுத்தம் செய்யும் பிரஷில் சந்தனக் குழம்பு, வைத்தவர் வெல்டர்.' அதன் கீழ் கையொப்பம் போட்டேன். நான் எழுதியதிலேயே மிகச் சுருக்கமான, மிகச் சரியான வாக்கியம் அதுதான். அப்படிச் சுருக்கியது நான் இல்லை.

உட்கார்ந்தேன். புது டங்ஸ்டன் ஊசியைத் தீட்டிப் போட்டேன். குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். நூற்று இருபத்தைந்து. எழுபது. எட்டு. முதலில் அசிட்டோன், பிறகு பிரஷ். வரிசையை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. மிதிக்கட்டையை அழுத்தியதும் உருகல் ஒரு கண்ணாடித் துளியாகத் திறந்தது. அதன் ஓரத்தில், உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டு போனேன். சொட்டும் வியர்வையைத் தவிர வேறெதுவும் எனக்குத் தொந்தரவு தரவில்லை.

கண்ணால் பார்க்கும் சோதனையில் தேறியது. ஆனால் அது பாதிதான். அடுத்தது வளைக்கும் சோதனை. பற்றவைத்த இடம் நடுவில் வரும்படி ஒரு பட்டையை அறுத்து எடுத்து, கையால் பம்ப் அடிக்கும் அழுத்தப் பொறியில் வைத்து, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்க்கும்வரை வளைப்பார்கள். உள்ளே குறை இருந்தால் அந்த இடத்தில் வாய் பிளந்துவிடும். யாருடைய கையெழுத்தும் அதைக் காப்பாற்றாது. முதலில் சேகருடையது. மடிந்தது, பிளக்கவில்லை.

என்னுடையதை வைத்தபோது, யாரும் கூப்பிடாமலே எல்லாரும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். கடைசல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தார். மிஸ் ரூபி தட்டச்சு செய்துகொண்டிருந்த தாளைக் கையில் பிடித்தபடி வந்தார். சேகர் என் தோளுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு என் காதில் பட்டது. என்சிக் பம்ப் பிடியை இறக்கி ஏற்றினார். பட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. முப்பது பாகை, அறுபது, தொண்ணூறு. தொண்ணூறில்தான் பெரும்பாலும் பிளந்து போகும். பிடி ஏறி இறங்கும் சத்தம் மட்டும்.

இரண்டு முனைகளும் நேருக்கு நேர் வந்து நின்றன. என்சிக் பட்டையை எடுத்து, வளைவின் மேல் கண்ணாடி வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அவசரமே இல்லாமல் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"பாஸ்."

அப்போது எழுந்த சத்தத்தை நாட்குறிப்பில் எழுத முயன்றிருக்கிறேன். சரியாக வரவில்லை. 'எல்லாரும் கத்தினார்கள், 11.52' என்றுதான் இருக்கிறது. சேகர் என் முதுகில் அறைந்தான். "மெஷின் மன்னிச்சிருச்சுடா!" தவுக்கே சாமி படத்தைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மிஸ் ரூபி மட்டும், "கத்தினது போதும், பேரை எப்பிடி எழுதுறது எண்டு சொல்லும், சான்றிதழ் அடிக்க வேணும்" என்றார். ஆனால் கண் சிரித்தது.

அடுத்த ஆண்டு பூஜைக்கு முந்தின நாள் சேமிப்பறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. தவுக்கே சொல்லி மிஸ் ரூபி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. பொட்டு வைக்கக் கூடாதவை: கம்பிப் பிரஷ், டங்ஸ்டன் ஊசி, வெல்டிங் கம்பி, துடைக்கும் துணி. கீழே தவுக்கேயின் கையொப்பமும் பட்டறை முத்திரையும். அதற்கும் கீழே, பென்சிலில் தமிழில், 'சேகரின் சுண்டல் தட்டு' என்று எழுதியிருந்தது. அது என் கையெழுத்து.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. ஆற்றைப் பார்த்தபடி நீச்சல் குளத்தோடு அடுக்குமாடி எழுந்துவிட்டது. தவுக்கே ஜோகூர் பாருவில் மீன் வளர்க்கிறார். மிஸ் ரூபி பெர்த்தில் மகளோடு இருக்கிறார். சேகர் சாங்கியில் அதே சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறான். இன்னும் பிரஷ் போட்டுவிட்டுத்தான் துடைக்கிறானாம். நான் இப்போது ஒரு பகுதிக்குப் பொறுப்பாளன். என் கீழ் ஒன்பது வெல்டர்கள். அந்தத் திரை மெஷினும் நல்ல மெஷின்தான். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வேலை முன்பைவிடச் சுத்தமாக, முன்பைவிட வேகமாக நடக்கிறது.

வளைக்கும் சோதனை மட்டும் எங்களிடம் நடப்பதில்லை. பட்டைகளை உறையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். மூன்று நாளில் முடிவு கைப்பேசிக்கு வந்துவிடும். போன வாரம் இரண்டு பேர் தேறினார்கள். ஒருவர் பேருந்தில் வரும்போது பார்த்தாராம், இன்னொருவர் உணவங்காடியில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது. இருவருடைய பற்றவைப்பையும் நான் பார்த்தேன். அந்த வயதில் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அவர்களுடைய பட்டை தொண்ணூறு பாகையைத் தாண்டிக் குனிந்த நேரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தோளுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.